பெட்டி கண் விழிக்கும்போது

சுவரில் உள்ள விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. தட்டுவதற்கும் எரிவதற்கும் இடையே யாரும் நம்மை எதுவும் கேட்பதில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாளில் குமிழைத் திருகிவிட்டுப் படக்குழாய் சூடேறும் வரை சில வினாடிகள் காத்திருந்தால் போதும். நிலையத்திலிருந்து எது வருகிறதோ அது திரையில் தோன்றும். தேர்ந்தெடுக்க வேறொன்று இல்லாததால் தேர்ந்தெடுக்கும் தொல்லையும் இல்லை.

இன்று தொலைக்காட்சியின் பின்புறம் செருகப்படும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். இணையத்தின் வழியே படங்களையும் நிகழ்ச்சிகளையும் ஓடைநீர்போல் தொடர்ந்து பெற்றுத் தருவதால் இதனை ஸ்ட்ரீமிங் பெட்டி என்கிறோம். மின்சாரம் கொடுத்ததும் முதலில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுகிறது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து, வண்ணக் கட்டங்கள் நிறைந்த முகப்புத் திரை வருகிறது. அதில் நமக்கு வேண்டிய செயலி, அதாவது ஆப், எங்கே இருக்கிறது என்று தேடி, ரிமோட்டின் அம்புப் பொத்தான்களால் நகர்ந்து சென்று, நடுப்பொத்தானை அழுத்த வேண்டும்.

இளைஞர்களுக்கு இது ஒரு வேலையே அன்று. ஆனால் கண்புரை முற்றிய ஒரு பாட்டிக்கு? அவருக்கு வேண்டியது ஒரே ஒரு செயலி. காலையில் பக்திப் பாடல், மாலையில் செய்தி. வீட்டில் மற்றவர்கள் வேலைக்குச் சென்றபின் அந்த வண்ணக் கட்டங்களுக்கு நடுவே அவர் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார். பெட்டியைப் போட்டதும் நேரே அந்தச் செயலியே திறந்துகொள்ளும்படி செய்யக் கூடாதா? எளிய கேள்விதான். பெட்டியின் அமைப்புகள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலான பெட்டிகளில் அப்படியொரு வரியே இராது. ஏன் இல்லை, இருந்தும் எப்படிச் செய்துகொள்ளலாம் என்பதை அறிய, பெட்டி விழித்தெழும் முறையை முதலில் பார்க்க வேண்டும்.

மறக்கும் நினைவகமும் மறவா நினைவகமும்

ஸ்ட்ரீமிங் பெட்டி ஒரு முழுமையான கணிப்பொறி. அதனுள் இருவகை நினைவகங்கள் உள்ளன. ஒன்று வேலை செய்யும்போது பயன்படும் ராம். இதில் ஒவ்வொரு தகவல் துணுக்கும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைக்கப்படுகிறது. மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு மின்தேக்கிக்கு ஒரு டிரான்ஸிஸ்டர் என்ற இந்த அமைப்பை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு. 1968-ல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. 2 ஜி.பி. ராம் உள்ள ஒரு பெட்டியில் இத்தகைய மின்தேக்கிகள் 1,700 கோடிக்கு மேல் இருக்கின்றன!

ஒவ்வொன்றும் தாங்கும் மின்னூட்டம் சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள் அளவே. அதுவும் கசிந்துகொண்டே இருக்கும். அடியில் துளையுள்ள குடத்தில் நீர் நிற்க வேண்டுமானால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல, வினாடியில் ஆயிரத்தில் 64 பங்கு நேரத்துக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒரு முறை படித்துத் திரும்ப எழுதி வைக்கிறார்கள். மின்சாரம் நின்றால் ஊற்றுவார் இல்லை, குடம் காலியாகிறது. ராம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

மற்றொன்று ஃபிளாஷ் நினைவகம். 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. இதில் எலெக்ட்ரான்கள் நாற்புறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த ஒரு தீவில் சிறைப்படுகின்றன. சாதாரணமாக அவை வெளியேற முடியாது. போதிய மின்னழுத்தம் கொடுத்தால், சுவரைத் தாண்டாமலே சுவரின் மறுபுறம் தோன்றும் குவாண்டம் சுரங்க விளைவினால் உள்ளே செல்லும், வெளியே வரும். மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அந்தச் சிறைவாசம் நீடிக்கும். நாம் நிறுவும் செயலிகள், கடவுச்சொற்கள், நம் விருப்ப அமைப்புகள் எல்லாம் தங்கியிருப்பது இங்கேதான்.

இப்போது சிக்கல் புரியும். வேலை செய்யும் இடம் ராம். மின்சாரம் வந்த கணத்தில் அது வெற்றிடம். செய்ய வேண்டிய வேலைகள் எழுதப்பட்டிருக்கும் இடம் ஃபிளாஷ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்து வைக்க ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமும் ராமில் அல்லவா இருக்க வேண்டும்? அதை யார் எடுத்து வைப்பது?

தன் தோளில் தானே ஏறுதல்

இந்தப் புதிர் கணிப்பொறி பிறந்தபோதே பிறந்துவிட்டது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்ஸாக் என்ற கணிப்பொறி 1949 மே 6-ஆம் நாள் தன் முதல் கணக்கைச் செய்தது. அதற்குரிய புரோகிராம்கள் தந்தி அலுவலகத்து நாடாபோன்ற துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. நாடாவைப் படிக்கும்படி இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டுமே! டேவிட் வீலர் என்ற ஆய்வு மாணவர் இதற்காக 31 கட்டளைகள் கொண்ட ஒரு தொடக்கப் புரோகிராமை எழுதினார். அந்த 31 கட்டளைகளையும் தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் இணைப்பிகளில் கம்பியாலேயே இணைத்துவிட்டார்கள். தொடக்கப் பொத்தானை அழுத்தினால் அவை நினைவகத்துக்குள் போய் அமர்ந்து, நாடாவைப் படிக்கத் தொடங்கும். பின்னர் வந்த எல்லாத் தொடக்க முறைகளும் இதன் வழிவந்தவையே எனலாம்.

1975-ல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறியில் இந்த வசதிகூடக் கிடையாது. முன்பலகையில் உள்ள விசைகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொரு எண்ணாக மனிதனே உள்ளிட வேண்டும். அவ்வாண்டு பால் ஆலன், தாமும் பில் கேட்ஸும் எழுதிய பேஸிக் மொழியின் நாடாவை எடுத்துக்கொண்டு ஆல்புகெர்க்கி நகருக்கு விமானத்தில் சென்றபோது, நாடாவைப் படிக்கவைக்கும் தொடக்கப் புரோகிராமை எழுதாமலே புறப்பட்டது நினைவுக்கு வந்ததாம். விமானத்திலேயே எழுதி முடித்து, அங்கே விசைகளைத் தள்ளி உள்ளிட்டார். அது வேலை செய்தது!

பூட்ஸின் பின்புறம் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்ற பொருளில்தான் இம்முறைக்குப் பூட்ஸ்டிராப் என்று பெயர் வந்தது. அது சுருங்கிப் 'பூட்' ஆயிற்று. தன் தோளில் தானே ஏறி நிற்பது என்று நாம் சொல்லலாம்.

கைமாறும் விளக்கு

நம் பெட்டிக்கு வருவோம். மின்னழுத்தம் நிலைபெறும் வரை ஒரு சிறு மின்சுற்று பிராசஸரை அடக்கிப் பிடித்திருக்கிறது. பிடி விட்டதும் பிராசஸர் குறித்த ஒரு முகவரிக்குச் சென்று அங்குள்ள கட்டளையை எடுக்கிறது. அந்த முகவரியில் இருப்பது சில்லு வார்க்கும்போதே பதிக்கப்பட்ட, எவராலும் மாற்ற முடியாத ஒரு சிறு புரோகிராம். எட்ஸாக்கின் 31 கட்டளைகளுக்கு இன்றைய வாரிசு இதுவே. அது ஃபிளாஷிலிருந்து அடுத்த கட்டப் புரோகிராமை எடுத்து, சில்லுக்குள்ளேயே உள்ள சிறிய நினைவகத்தில் வைக்கிறது. ராமில் வைப்பதில்லை, ராம் இன்னும் இயங்கத் தயாராகவில்லை. ராமைத் தயார் செய்வதே இந்த இரண்டாம் புரோகிராமின் முதல் வேலை.

இங்கே ஒரு காவல் உண்டு. அடுத்த புரோகிராமிடம் பொறுப்பைக் கொடுக்குமுன், அதில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் முத்திரை சரியாக உள்ளதா என்று சோதிக்கப்படுகிறது. முத்திரையைச் சரிபார்க்கும் திறவுகோலின் அடையாளம் சில்லுக்குள் மாற்ற முடியாதபடி பதிந்திருக்கும். முத்திரை பொருந்தாவிட்டால் பெட்டி மேலே செல்லாது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் விளக்கைப் போல, ஒவ்வொரு கட்டமும் அடுத்ததைச் சோதித்தபின்பே விளக்கை நீட்டுகிறது.

இவ்வாறு லினக்ஸ் என்னும் கருவகம் ராமில் ஏறுகிறது. அது 'இனிட்' என்ற முதல் வேலையைத் தொடங்குகிறது. அதன் வரிசை எண்ணே 1. ஆண்ட்ராய்டு பெட்டிகளில் இனிட் அடுத்துத் தொடங்குவதற்கு ஓர் அழகிய பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸைகோட், அதாவது கருமுட்டை. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக வேண்டியவற்றை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு இது காத்திருக்கும். எந்தச் செயலியைத் திறந்தாலும், கருமுட்டை தன்னைப் பிளந்து ஒரு நகல் தரும். அந்த நகலே அச்செயலியாக வளரும். பெயர் வைத்தவர் உயிரியல் பாடத்தை விரும்பிப் படித்திருக்க வேண்டும்.

கருமுட்டையின் முதற்பிள்ளை, மற்றெல்லாவற்றையும் மேய்க்கும் நிர்வாகி. அந்த நிர்வாகி தன் ஏற்பாடுகள் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கிறது: "இந்த வீட்டுக்கு முகப்பு யார்?" முகப்பு என்று பதிவு செய்துகொண்டுள்ள செயலி எழுந்து வருகிறது. இதனை லாஞ்சர் என்பார்கள். ஆம், நாம் காணும் அந்த வண்ணக் கட்டத் திரையும் மற்றவற்றைப் போல ஒரு செயலியே! அது பெட்டியின் உடலோடு பிறந்ததன்று. இதை மனத்தில் கொண்டால் மேலே சொல்லப் போவது எளிது.

இரு வாசல்கள்

ஆக, நமக்கு வேண்டிய செயலி தானே திறக்க இரண்டு வாசல்கள் உள்ளன.

முதல் வாசல் நேரானது: முகப்பு யார் என்று கேட்கும்போது வேறொரு லாஞ்சரை நிறுத்திவிடுவது. கைப்பேசிகளில் முகப்புச் செயலியை மாற்றிக்கொள்ள அமைப்புகளில் இடம் இருக்கிறது. அதே ஆண்ட்ராய்டுதான் தொலைக்காட்சிப் பெட்டியிலும் ஓடுகிறது. ஆனால் பல பெட்டிகளில் அந்தப் பக்கம் காட்டப்படுவதில்லை.

இரண்டாம் வாசல் ஓர் அறிவிப்பு. பெட்டி முழுவதும் விழித்தபின், "தொடக்கம் முடிந்தது" என்று நிர்வாகி எல்லோருக்கும் கேட்கும்படி தண்டோரா போடுகிறது. இதைக் கேட்கும் அனுமதியை வாங்கி வைத்திருக்கும் செயலிகள் அப்போது எழலாம். அலாரம் வைத்திருந்த செயலி மறுபடி கணக்கைத் தொடங்குவது இப்படித்தான். 'லாஞ்ச் ஆன் பூட்' போன்ற சிறு உதவிச் செயலிகள் இந்தத் தண்டோராவுக்காகக் காத்திருந்து, நாம் குறித்து வைத்த செயலியை உடனே திறந்துவிடுகின்றன.

இதில் இரண்டு பூட்டுகள் உண்டு. பலர் முயன்று பார்த்து, "வேலை செய்யவில்லை" என்று கைவிடுவது இவற்றால்தான். முதல் பூட்டு 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.1-லிருந்து உள்ளது: நிறுவியபின் ஒரு முறையேனும் நாமே திறந்து பார்க்காத செயலிக்குத் தண்டோரா கேட்காது. ஆகவே உதவிச் செயலியை நிறுவியதோடு விடாமல் ஒரு தடவை திறந்துவிட வேண்டும். இரண்டாம் பூட்டு 2019-ல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்தது: பின்னணியில் இருக்கும் எந்தச் செயலியும் தானாகத் திரையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. தண்டோரா கேட்கும், எழுந்து பார்க்கும், ஆனால் திரையில் எதையும் திறக்க முடியாமல் உட்கார்ந்துவிடும்.

இந்த இரண்டாம் பூட்டைக் குறை சொல்வதற்கில்லை. பெட்டியைப் போட்டதும் விளம்பரத்தை முகத்தில் வீசும் போலிச் செயலிகளுக்கு இதே தண்டோராதான் வசதியாக இருந்தது. திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது என்பதுதான் சங்கடம். ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: "பிற செயலிகளின் மேல் காட்ட அனுமதி" என்ற உரிமையை நாமே கொடுத்தால், அந்தச் செயலி திரையைத் திறக்கலாம்.

செய்முறையைச் சொல்கிறேன். உதவிச் செயலியைப் பெட்டியின் அதிகாரப்பூர்வமான கடையிலிருந்தே நிறுவுங்கள். ஒரு முறை திறந்து, தானே திறக்க வேண்டிய செயலியைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று, சிறப்பு அனுமதிகளுள் மேற்சொன்ன உரிமையை அதற்குக் கொடுங்கள். பிறகு மெனுவிலிருந்தே பெட்டியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். சில பெட்டிகளில் அந்த அனுமதிப் பக்கமே மறைக்கப்பட்டிருக்கும். அப்போது பெட்டியைப் பற்றிய விவரப் பக்கத்தில் பில்ட் எண்ணின் மீது 7 முறை அழுத்தி, உருவாக்குநர் வசதியைத் திறந்து, கணிப்பொறியிலிருந்து கட்டளை அனுப்பி உரிமையைக் கொடுக்க வேண்டும். அது பழகியவர் செய்ய வேண்டிய வேலை; செய்து முடித்ததும் அந்த வசதியை மூடிவிடச் சொல்லுங்கள். திறந்து கிடந்தால் பிறரும் அதன் வழியே நுழையலாம்.

மாற்று லாஞ்சர்கள் சில, அணுகல் சேவை என்ற அனுமதியைக் கேட்கும். மாற்றுத்திறனாளிகளின் உதவிக்காக ஏற்பட்ட அந்த அனுமதி மிகவும் வலிமையானது. திரையில் உள்ளதைப் படிக்கவும் பொத்தான்களை அழுத்தவும் அதனால் முடியும். யார் எழுதியது என்று தெரியாத செயலிக்கு அதைக் கொடுப்பது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

தூக்கமும் விழிப்பும்

இவ்வளவும் செய்து முடித்து மகிழ்ந்தபின், மறுநாள் காலையில் ரிமோட்டை அழுத்தினால் பழைய வண்ணக் கட்டங்களே வந்து நிற்கும்! காரணம், நேற்றிரவு பெட்டி அணைக்கப்படவே இல்லை. ரிமோட்டின் சிவப்புப் பொத்தான் அதைத் தூங்க வைக்கிறது, அவ்வளவே. திரைக்குப் போகும் சமிக்ஞை நிற்கும், பிராசஸர் ஓய்வெடுக்கும், ஆனால் ராமின் குடங்களில் நீர் ஊற்றும் வேலை இரவு முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். காலையில் எல்லாம் இருந்த இடத்தில் இருப்பதால் சில வினாடிகளில் பெட்டி தயார். பூட் நடக்கவில்லை, பூட் முடிந்ததென்ற தண்டோராவும் இல்லை.

தூக்கத்திலிருந்து எழும்போது வேறோர் அறிவிப்பு உண்டு: "திரை விழித்தது." இதைப் பெறுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொடக்கத் தண்டோரா உறங்கும் செயலியையும் எழுப்பும். இந்த அறிவிப்போ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் காதில் மட்டுமே விழும். ஆகவே உதவிச் செயலி இரவு முழுவதும் பின்னணியில் விழித்திருக்க வேண்டும். குறைந்த ராம் உள்ள பெட்டியில், இடம் போதாதபோது இத்தகைய பின்னணிச் செயலிகள் அப்புறப்படுத்தப்படும். ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் நடப்பதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். உதவிச் செயலியில் "விழிக்கும்போதும் திற" என்ற தனிக்குறி இருந்தால் அதையும் போட்டு, அமைப்புகளில் அதற்குப் பேட்டரிக் கட்டுப்பாடு எதுவும் இருந்தால் நீக்கிவிடுவது நல்லது.

பெட்டி எழுந்தால் தொலைக்காட்சியும் எழுந்து சரியான உள்ளீட்டுக்கு மாறுகிறதே, அது எப்படி என்று சிலர் கேட்பார்கள். ஹெச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19 முனைகள் உள்ளன. படமும் ஒலியும் மின்னல் வேகத்தில் மற்ற கம்பிகளில் ஓட, 13-ஆம் முனையில் மட்டும் வினாடிக்குச் சுமார் 400 துணுக்கு என்னும் மாட்டுவண்டி வேகத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. "நான் எழுந்துவிட்டேன், என்னைக் காட்டு" என்று சொல்ல அந்த வேகம் தாராளம். தொலைக்காட்சியின் அமைப்புகளில் சி.இ.சி. என்ற வசதியைத் திறந்து வைத்தால் இது நடக்கும். நிறுவனங்கள் இதற்கு ஆளுக்கொரு பெயர் சூட்டியிருப்பதால் தேட வேண்டியிருக்கும்.

சுவர் விசையிலேயே அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முழுத் தொடக்கம் நடக்குமே, அது எளிதல்லவா என்று தோன்றும். நடக்கும்தான். ஆனால் ஃபிளாஷில் எதையேனும் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் எழுத்து பாதியில் நிற்கும். அரைகுறை எழுத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் ஏற்பாடுகள் உள்ளே இருந்தாலும், தினமும் அவற்றைச் சோதிப்பது தேவையற்றது. மின்விசிறியை அணைப்பதுபோல் கணிப்பொறியை அணைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முதல் திரையின் விலை

1981-ல் ஐ.பி.எம். கணிப்பொறியோடு வந்த டாஸ் என்ற இயக்கமுறையில் 'ஆட்டோஎக்ஸெக்' என்று ஒரு கோப்பு உண்டு. கணிப்பொறியைப் போட்டதும் எந்தப் புரோகிராம் ஓட வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். நாள்தோறும் அதுவே ஓடும். கடைக்காரர் கணக்குப் புரோகிராமையும், எழுத்தாளர் தட்டச்சுப் புரோகிராமையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பு கணிப்பொறியின் சொந்தக்காரருக்கு உரியது. நாற்பதாண்டுகளுக்கு முன் ஒரு வரியில் முடிந்த காரியத்துக்கு இன்று இத்தனை பூட்டுகளைத் திறக்க வேண்டியிருப்பது தொழில்நுட்பக் குறைவால் அன்று. முதல் திரைக்கு விலை வந்துவிட்டது.

பெட்டியைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, முகப்புத் திரையில் இடம்பெறும் விளம்பரங்களிலும் பரிந்துரைகளிலும் வருவாய் தேடுவது இத்தொழிலில் வழக்கம். ரிமோட்டில் சில செயலிகளின் பெயர் பொறித்த பொத்தான்கள் இருக்கின்றனவே, அந்த இடங்களும் விற்பனைக்கு உரியவை. 2023 நவம்பரில் அமேஸான் தன் ஃபயர் டி.வி. கருவிகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தது: கருவி விழித்துச் சில வினாடிகளுக்குள் நாம் ரிமோட்டைத் தொடாவிட்டால் விளம்பரம் முழுத்திரையில் தானே ஓடும். கவனியுங்கள்; தொடங்கியவுடன் தானே ஒன்று திறப்பது முடியாத காரியமன்று. அது யாருக்காகத் திறக்கிறது என்பதே வேறுபாடு. பெட்டியை விலை கொடுத்து வாங்கியவருக்கு முதல் திரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு சாதாரண அமைப்பாகவேனும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. "எந்தக் கட்டுப்பாடும் இல்லை, எல்லாம் திறந்தே இருக்கும்" என்று சொல்லி விற்கப்படும் பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நச்சுப் புரோகிராம்கள் குடியிருந்தது கண்டறியப்பட்டுள்ளது. பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட அத்தகைய கூட்டம் 2023-ல் வெளிப்பட்டது. 2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. நாம் தட்டித் தட்டித் திறக்கும் வாசலில் அவை முன்பே உட்கார்ந்திருக்கின்றன. பெட்டி போட்ட கணத்திலிருந்து, நமக்குத் தெரியாமல், நம் இணைய இணைப்பைப் பிறருக்கு வாடகைக்கு விடுகின்றன. முத்திரைச் சோதனை பற்றி முன்பு சொன்னேனே, அதன் அருமை இங்கே தெரியும்.

மற்றப் பெட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோக்கு இயங்குமுறை உள்ள தொலைக்காட்சிகளில், போட்டதும் முகப்பா, ஆன்டெனாவா, எந்த உள்ளீடு என்பதைக் குறிக்கலாம். ஆப்பிள் டி.வி.யில் ஒரே செயலியோடு பூட்டிவைக்கும் முறை உண்டு. அது பள்ளிகள், நிறுவனங்கள் நிர்வகிக்கும் கருவிகளுக்கானது. அமேஸான் 2025-ல் வெளியிட்ட ஃபயர் டி.வி. ஸ்டிக் 4கே செலக்ட் கருவியில் ஆண்ட்ராய்டு இல்லை, வேகா என்ற வேறு இயக்கமுறை. மேலே கூறிய வழிகள் அதற்குப் பொருந்தா. மருத்துவமனை வரவேற்பிலோ நூலகத்திலோ ஒரே காட்சியை நாள் முழுவதும் காட்ட வேண்டுமானால், ஆண்ட்ராய்டு பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, அதன் நிர்வாகப் பொறுப்பை ஒரு செயலிக்கு முழுதாகக் கொடுத்துவிடும் முறை நம்பகமானது. வீட்டுக்கு அது மிகை. கைவேலையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணிப்பொறியைப் பரிந்துரைப்பேன். அதில் லிப்ரெஎலெக் என்ற இயக்கமுறையை ஏற்றினால், பூட் முடிந்ததும் கோடி என்ற படக்காட்சிச் செயலியே நேரே வரும். இடையில் வேறு முகப்பு கிடையாது.

கடைசியாக, மின்வெட்டு உள்ள ஊர்களில் வரும் ஒரு தொல்லை. மின்சாரம் திரும்பியதும் பெட்டியும் இணைய ரவுட்டரும் ஒரே நேரத்தில் விழிக்கத் தொடங்கும். பெட்டி முந்திக்கொண்டால் நம் செயலி தானே திறந்து, "இணைய இணைப்பு இல்லை" என்ற செய்தியைக் காட்டிவிட்டு நிற்கும். பாட்டியின் பார்வைக்கு அது பழுது. இணைப்பு வந்த பிறகும் சிறிது நேரம் சிக்கல் நீடிக்கலாம். பல பெட்டிகளில் கடிகாரத்தை ஓட்ட மின்கலம் கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். இணையத்தில் எதிர்முனையின் அடையாளச் சான்றில் அது செல்லுபடியாகும் தேதி குறித்திருக்கும். பெட்டியின் கடிகாரம் ஏதோ பழைய தேதியைக் காட்டினால் சான்று பொய்யானது என்று எண்ணி இணைப்பை மறுத்துவிடும். வலையமைப்பிலிருந்து சரியான நேரம் வந்து சேர்ந்த பிறகே எல்லாம் ஒழுங்காகும். உதவிச் செயலியில் தாமத நேரம் குறிக்க இடம் இருந்தால், உங்கள் ரவுட்டர் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு முறை கடிகாரம் பார்த்து அளந்து, அதைவிட அரை நிமிடம் கூடுதலாகக் குறியுங்கள். அப்படி இடம் இல்லையென்றால், ரவுட்டரை மட்டும் ஒரு சிறிய பேட்டரிப் பெட்டியோடு இணைத்துவிடலாம். அது மின்வெட்டின்போதும் உறங்காமல் இருக்கும்.